ஹீட் மீட்டரை நம்பலாமா? கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் பழுது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேஷ்போர்டில் இருக்கும் ஹீட் மீட்டர் இன்ஜினை நேராகப் பார்ப்பதில்லை. இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றும் தண்ணீரான கூலன்ட்டின் சூட்டை அளக்க ஒரு சென்சார், அதிலிருந்து வயர், நடுவில் கப்ளர் எனப்படும் வயர் இணைப்பு, எர்த் எனப்படும் பேட்டரி மைனஸ் இணைப்பு, பல வண்டிகளில் இசியு எனப்படும் இன்ஜின் கம்ப்யூட்டர், இவற்றையெல்லாம் தாண்டித்தான் முள். இதில் எங்கே பழுது வந்தாலும் முள் தப்பாகக் காட்டும். ஆனால் பல ஒர்க்ஷாப்புகளில் முதலில் சென்சாரை மாற்றுகிறார்கள், சரியாகாவிட்டால், தண்ணீர் சூடான பிறகே அதை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றுகிறார்கள், அதற்கும் மசியாவிட்டால் ரேடியேட்டரை இறக்குகிறார்கள். இன்ஜின் நிஜமாகவே சூடாகிறதா என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. பணம் செலவழிக்கும் முன் அதை அளந்துவிட வேண்டும் என்பதுதான் இங்கே உள்ள எல்லா பதில்களுக்கும் அடிப்படை. ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும், இசியுவின் தகவலைப் படித்து போனில் காட்டும் ஓபிடி ஸ்கேனரும் இருந்தால் பெரும்பாலான சோதனைகளை வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது முள் ‘எச்’ (அதிக சூடு) பக்கம் போய்விட்டது. சென்சார் கோளாறாக இருக்கலாம் என்று நினைத்து வீடு வரை ஓட்டலாமா?

ஓட்டக்கூடாது. சென்சார் தப்பு என்று நிரூபணமாகும் வரை சூடு நிஜம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சென்சார் சில நூறு ரூபாய் சமாச்சாரம். வளைந்துபோன அலுமினிய ஹெட் (இன்ஜின் சிலிண்டர்களின் மேல்மூடி), ஊதிப்போன ஹெட் கேஸ்கெட் (அதன் அடியில் இருக்கும் சீல்) எல்லாம் பல ஆயிரத்தில் முடியும்.

ஏசியை அணைத்துவிட்டு ஓரமாக நிறுத்துங்கள். பானட் இடுக்கில் ஆவி வருகிறதா, இனிப்பு கலந்த கூலன்ட் வாசனை அடிக்கிறதா என்று கவனியுங்கள். ஆவி வந்தால் உடனே இன்ஜினை அணைக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம். சாதாரண மூடி சுமார் 0.9 முதல் 1.1 பார் வரை அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரிக்கு அருகில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் போய், உள்ளே இருப்பது மொத்தமாகக் கொதித்து முகத்தில் பீச்சும். ஒரு மணி நேரமாவது ஆறட்டும்.

முள் எவ்வளவு வேகமாக ஏறியது என்பதையும் நினைத்துப் பாருங்கள். பல பத்துக் கிலோ இரும்பும் அலுமினியமும், பல லிட்டர் தண்ணீரும் ஒரு நொடியில் சூடாகாது. நடுவில் நின்ற முள் கண்மூடித் திறப்பதற்குள் எச்சுக்குத் தாவினால், அடுத்த மேட்டில் திரும்ப நடுவுக்கு வந்தால், பழுது வயரிங்கில் இருக்க வாய்ப்பு அதிகம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் சாவியை ஆன் செய்ததும் முள் எச்சில் நின்றால் சந்தேகமே வேண்டாம், அது மின்சாரப் பழுதுதான்.

மலை ஏறும்போது உச்சம் வரை போன முள் திடீரென்று கீழே இறங்கிவிட்டது. தானாகவே சரியாகிவிட்டதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் தண்ணீரில் மூழ்கி இருக்கும்போதுதான் சரியாக அளக்கும். ஹோஸ் கிழிந்தோ, ரேடியேட்டர் ஒழுகியோ தண்ணீர் வெளியேறிவிட்டால் சென்சாரின் முனை காற்றிலும் ஆவியிலும் நிற்கும். ஆவி, தண்ணீரைப் போல சூட்டைக் கடத்தாது. அதனால் இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே வரும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, வால்பாறை போகும் 40 வளைவுகளிலோ இரண்டாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போது இப்படி நடந்தால், ‘அப்பாடா’ என்று தொடர்ந்து ஏற்றுகிறவர்கள் இன்ஜினையே இழக்கிறார்கள்.

தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி உண்டு: ஹீட்டரை முழு சூட்டில் வைத்து ஃபேனைப் போடுங்கள். சூடான இன்ஜினில் ஹீட்டரிலிருந்து அனல் காற்று வர வேண்டும். முள் எங்கே நின்றாலும் சரி, ஹீட்டர் காற்று ஆறிப்போய் வந்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் குறைந்துவிட்டது, அல்லது சுற்றவில்லை. உடனே நிறுத்துங்கள். ஹீட்டரில் அனல் அடித்தால் ஏசி ஆஃப், ஹீட்டர் ஆன் என்று வைத்துக்கொண்டு நிறுத்த இடம் தேடலாம். ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான், கொஞ்சம் சூட்டை அது வாங்கிக்கொள்ளும்.

ஒரு வண்டியில் எத்தனை டெம்பரேச்சர் சென்சார் இருக்கும்?

வண்டியைப் பொறுத்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆரம்பித்தால் தப்பான சென்சாரை மாற்றிவிடுவோம்.

கார்பரேட்டர் காலத்து மாருதி 800, ஆம்னி போன்ற வண்டிகளில் மீட்டருக்கு மட்டும் சூட்டைச் சொல்லும், சென்டர் (sender) எனப்படும் ஒற்றை வயர் சென்சார் ஒன்று இருக்கும். அதன் பித்தளை உடம்பே எர்த். ரேடியேட்டர் ஃபேனுக்குத் தனியாகத் தெர்மோ ஸ்விட்ச். இசியுவே பெட்ரோலை அளந்து தெளிக்கும் எம்பிஎஃப்ஐ முறை வந்த பிறகு இசியுவுக்கு என்று இரண்டு வயர் சென்சார் சேர்ந்துகொண்டது. அந்தத் தலைமுறையின் பல வண்டிகளில் மீட்டர் சென்டரும் இசியு சென்சாரும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். சில வண்டிகளில் இரண்டையும் ஒரே உடம்பில் அடக்கி மூன்று, நான்கு முனை வைத்திருப்பார்கள். இப்போது வரும் பெரும்பாலான கார்களில் இசியு சென்சார் ஒன்றுதான் அடிப்படை. அது அளப்பதை இசியு வாங்கி, கேன் எனப்படும் தகவல் வயர் வழியாக மீட்டருக்கு அனுப்புகிறது. ஃபேனை ஓட்டுவதும் இசியுதான்.

ஆகவே தனித்தனி சென்சார் உள்ள வண்டியில் முள் தப்பாக இருந்தும் இன்ஜின் அழகாக ஓடும். மைலேஜ் விழுந்து, கறுப்புப் புகை வந்தும் முள் ஒழுங்காக நிற்கவும் செய்யும். ஒரே சென்சார் உள்ள வண்டியில் சென்சார் கெட்டால் இரண்டும் சேர்ந்து கெடும்.

சென்சாருக்குள் என்ன இருக்கிறது?

ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். இசியு உள்ளே ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் அனுப்பி, சென்சார் பக்கம் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று பார்க்கிறது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் தடை அதிகம், வோல்ட்டும் அதிகம். சூடானால் இரண்டும் இறங்கும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் கிடைக்கிறது. வயர் அறுந்தால் தடை எல்லையில்லாமல் போகும், முழு 5 வோல்ட் நிற்கும், இசியு ‘கடும் குளிர்’ என்று படிக்கும். வயர் உரசி எர்த் ஆனால் 0 வோல்ட், ‘கடும் சூடு’ என்று படிக்கும். பின்னால் வரும் சோதனைகள் பாதிக்கு மேல் இந்த ஒரு குணத்தை வைத்துத்தான்.

சென்சார் கெட்டால் ஓட்டும்போது என்ன தெரியும்?

சூடான இன்ஜினைக் குளிர்ந்ததாகச் சென்சார் காட்டினால், இசியு காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குக் கொடுப்பது போல பெட்ரோலைக் கூடுதலாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். மைலேஜ் விழும், ஐட்லிங் ஏறியே நிற்கும், பிளக்கில் கரி படியும், சைலன்சரில் பெட்ரோல் வாசனை வரும். சூடான வண்டியை அணைத்து உடனே போட்டால் ஸ்டார்ட் ஆகத் திணறும். இதை மாதக்கணக்கில் விட்டால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கெட்டுப்போகும், அதன் விலைக்குப் பக்கத்தில் சென்சார் ஒன்றுமே இல்லை.

குளிர்ந்த இன்ஜினைச் சூடாகக் காட்டினால் நேர் எதிர். காலையில் பெட்ரோல் போதாமல் பலமுறை கிராங்க் அடிக்க வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் நின்றுபோகும். சென்னை வெயிலில் இது தெரியாமலே போகலாம். அதே வண்டியை டிசம்பரில் ஊட்டிக்கு ஓட்டிப்போய் ராத்திரி நிறுத்தினால் காலையில் மானத்தை வாங்கிவிடும். டீசல் வண்டியில் ஸ்டார்ட்டுக்காக சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக் எரியும் நேரமும் இந்தச் சென்சாரைப் பார்த்துத்தான் முடிவாகிறது.

இன்னொரு அறிகுறி, சாவியைப் போட்டதும் ரேடியேட்டர் ஃபேன் காரணமில்லாமல் முழு வேகத்தில் சுற்றுவது. சென்சார் தகவல் நம்பத்தகுந்ததாக இல்லை என்று இசியு கண்டுகொண்டால், தானே ஒரு சூட்டை அனுமானித்துக்கொண்டு, பாதுகாப்புக்காக ஃபேனை ஓட்டிவிடும். பல கம்பெனி வண்டிகளில் இந்த ஏற்பாடு இருக்கிறது.

சோதனையை எங்கிருந்து தொடங்குவது?

விடியற்காலையிலிருந்து. வண்டி ராத்திரி முழுக்க நிழலில் நின்றிருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்கேனரில் கூலன்ட் டெம்பரேச்சர், உள்ளிழுக்கும் காற்றின் டெம்பரேச்சர் இரண்டையும் பாருங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் இரண்டும் வெளிக்காற்றின் சூட்டுக்குச் சமமாக வந்திருக்கும். மதுரையில் காலை 27 டிகிரி என்றால் இரண்டும் 27-க்கு இரண்டு மூன்று டிகிரி முன்பின் இருக்கலாம். காற்று 27 காட்டி, கூலன்ட் 45 காட்டினால் அந்தச் சென்சார் பொய் சொல்கிறது, அல்லது அதன் கப்ளரில் கோளாறு. ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல் இவ்வளவு தெரிந்துவிடும். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிந்து வேறு இல்லை, ஆனால் வண்டியை ஓட்டிக்கொண்டு ஒர்க்ஷாப்புக்குப் போய்விட்டால் இதைச் செய்யவே முடியாது. அதனால் இது சொந்தக்காரர் செய்ய வேண்டிய சோதனை.

இந்தியாவில் 2013-க்குப் பிறகு வந்த கார்களில் ஓபிடி-2 கட்டாயம். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை சாக்கெட் இருக்கும். அதற்கு முந்தைய பல எம்பிஎஃப்ஐ வண்டிகளிலும் உண்டு, ஆனால் எல்லா ஸ்கேனரும் அவற்றோடு பேசாது.

அப்புறம் ஸ்டார்ட் செய்து ஏறும் விதத்தைக் கவனியுங்கள். எண்கள் ஒன்றொன்றாக, தாவாமல் ஏற வேண்டும். எண்பதுகளில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது சற்று தயங்கும், ஒன்றிரண்டு டிகிரி இறங்கவும் செய்யும். அது ஆரோக்கியமான அறிகுறி. ஐட்லிங்கில் விட்டால் தொண்ணூறுகளின் நடுவில் ஃபேன் ஓடத் தொடங்கி, ஐந்தாறு டிகிரி இறங்கியதும் நிற்கும். சரியான எண் மாடலுக்கு மாடல் மாறும். ஏறிக்கொண்டே வந்து திடீரென்று 52-லிருந்து 20-க்கு விழுந்து மறுபடி 54-க்கு வந்தால் அது தண்ணீரின் வேலையில்லை. சென்சாருக்குள்ளோ கப்ளரிலோ தொடர்பு விட்டுவிட்டு வருகிறது.

ஸ்கேனரில் பி0117, பி0118, பி0128 என்றெல்லாம் வருகிறதே. எந்தக் கோடுக்கு, அதாவது எந்தப் பழுதுக் குறியீட்டுக்கு, எதைப் பார்ப்பது?

பி0117 என்றால் வோல்ட் மிகக் குறைவு, அதாவது வயர் எங்கோ எர்த் ஆகியிருக்கலாம் அல்லது சென்சார் உள்ளுக்குள் ஷார்ட். பி0118 நேர் எதிர்: வோல்ட் மிக அதிகம், வயர் அறுந்திருக்கலாம், கப்ளர் கழன்றிருக்கலாம், எலி கடித்திருக்கலாம். எலி என்பதைச் சும்மா சொல்லவில்லை. தெருவில் நிறுத்தும் வண்டிகளில் சூடான இன்ஜின் மேல் எலி வந்து படுப்பதும், கிளம்பும்போது வயரைக் கடித்துவிட்டுப் போவதும் தினசரி நடக்கிறது. பி0119 என்றால் தொடர்பு விட்டுவிட்டு வருகிறது. பி0115 பொதுவாகச் சர்க்யூட் கோளாறு. பி0116 என்றால் சர்க்யூட் இருக்கிறது, ஆனால் அளவு நம்பும்படி இல்லை.

பி0128-ஐத்தான் பலரும் தப்பாகப் படிக்கிறார்கள். இவ்வளவு நேரம் ஓடியும் கூலன்ட் போதுமான சூட்டுக்கு வரவில்லை என்பது அதன் பொருள். இதற்கு முதல் சந்தேகம் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டது. அல்லது யாரோ அதைக் கழற்றிவிட்டார்கள். அல்லது கூலன்ட் குறைவு. சென்சார் அதற்கெல்லாம் பிறகுதான்.

ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரி காட்டுகிறது. தமிழ்நாட்டில் எப்படி?

அந்த எண் நல்ல செய்தி. ஓபிடி முறையில் இசியு 0 முதல் 255 வரை ஒரு எண்ணை அனுப்புகிறது. அதிலிருந்து 40-ஐக் கழித்தால் டிகிரி கிடைக்கும். ஆகவே அந்த முறையில் சொல்லக்கூடிய மிகக் குறைந்த சூடு மைனஸ் 40. அது வந்தால் சர்க்யூட் எங்கோ திறந்து கிடக்கிறது என்று பொருள். சென்சார் கப்ளர் மாட்டியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பாருங்கள். போன வாரம் ஏர் ஃபில்டரோ பேட்டரியோ மாற்றியிருந்தால் அங்கே கைபட்டு கழன்றிருக்கலாம்.

பழுது சென்சாரிலா வயரிலா என்று எப்படிப் பிரிப்பது?

சாவி ஆஃப் நிலையில் இரண்டு வயர் சென்சாரின் கப்ளரைக் கழற்றுங்கள். சாவி ஆன். ஸ்கேனரில் மைனஸ் 40 அல்லது அதற்கு அருகில் வர வேண்டும். பிறகு சாவியை அணைத்து, வயர் பக்கத்துக் கப்ளரின் இரண்டு முனைகளையும் ஒரு சின்ன வயரால் இணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். இப்போது 130-க்கு மேல் எங்கோ உச்சத்துக்குப் போக வேண்டும். இந்த இரண்டும் ஒழுங்காக நடந்தால் இசியு நன்றாக இருக்கிறது, வயர் நன்றாக இருக்கிறது, மிச்சம் இருப்பது சென்சார்தான்.

கழற்றிய பிறகும் சூடு என்றே காட்டினால், வயர் வழியில் எங்கோ எர்த் ஆகிறது. இணைத்த பிறகும் மைனஸ் 40-லேயே நின்றால் வயர் அறுந்திருக்கிறது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கழற்றிய கப்ளரின் முனைகளுக்கு நடுவே அளந்தால் சுமார் 5 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் ஒரு முனையையும் பேட்டரி மைனஸையும் வைத்து அளங்கள். அங்கே 5 வந்தால் அறுந்தது எர்த் பக்க வயர்.

முனைகளைக் குத்தும்போது மென்மையாக. தடித்த மல்டிமீட்டர் ஊசியைக் கப்ளருக்குள் திணித்து முனையை அகட்டிவிட்டால், இல்லாத பழுதை நாமே உண்டாக்கியதாகிவிடும். கப்ளர் உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். வாட்டர் சர்வீஸில் இன்ஜின் மேல் நேராகப் பிரஷர் தண்ணீர் அடித்த பிறகு வரும் பழுதுகளில் இது சகஜம்.

இந்தச் சோதனை முடிந்ததும் இசியுவில் சில பழுதுக் கோடுகள் பதிவாகி இருக்கும். அழித்துவிடுங்கள்.

சென்சாரைக் கழற்றி வெந்நீரில் போட்டுச் சோதிக்கலாமா?

தாராளமாக. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டு முனைகளில் மாட்டுங்கள். ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, சென்சாரின் பித்தளை முனை மட்டும் மூழ்கும்படி கம்பியில் தொங்கவிடுங்கள். பாத்திரத்தின் அடியில் படக்கூடாது, கப்ளர் பக்கம் நனையக்கூடாது. ஒரு சமையல் தெர்மாமீட்டரும் கூடவே.

நம் சாலைகளில் ஓடும் பல கார்களின் சென்சார்களில் ஏறக்குறைய இப்படி வரும்: 20 டிகிரியில் 2.2 முதல் 2.7 கிலோ ஓம், 40-இல் 1.1 அல்லது 1.2 கிலோ ஓம், 80-இல் 300 ஓம் சொச்சம், 100-இல் 200 ஓமுக்குக் கொஞ்சம் கீழே. உங்கள் மாடலுக்கான அட்டவணை சர்வீஸ் மேனுவலில் இருக்கும், அது கிடைத்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டாலும் அளவு மாறும் விதமே பாதி சொல்லிவிடும். சூடு ஏற ஏறத் தடை வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். ஓரிடத்தில் நின்றாலோ, எண் குதித்தாலோ சென்சாரை மாற்றலாம்.

தண்ணீர் கொதிக்கும் இடத்தை 100 டிகிரி என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்னையில், தூத்துக்குடியில் அது சரி. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே சோதித்துவிட்டு சென்சார் குறைவாகக் காட்டுகிறது என்று முடிவுகட்டினால் நல்ல சென்சாரைத் தூக்கி எறிவோம்.

கழற்றிய முனையில் வெள்ளையாகவோ துருவாகவோ பொருக்கு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கூலன்ட்டுக்குப் பதில் போர்வெல் தண்ணீரை ஊற்றும் வண்டிகளில் உப்பு படிந்து, சென்சார் சூட்டைத் தாமதமாக உணரும். சென்சார் நன்றாக இருந்தும் அளவு பின்தங்கும்.

ஸ்கேனரில் 90 டிகிரி என்று சரியாகக் காட்டுகிறது. முள் மட்டும் எச்சில் நிற்கிறது.

அப்படியானால் இசியு சென்சாரைத் தொடாதீர்கள். மீட்டருக்குத் தனி சென்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றை வயர் சென்டராக இருந்தால் அந்த வயரைக் கழற்றி, சாவியை ஆன் செய்யுங்கள். முள் ‘சி’ (குளிர்) பக்கம் இறங்க வேண்டும். அந்த வயரை ஓரிரு நொடி இன்ஜின் இரும்பில் தொட்டால் எச் பக்கம் ஏற வேண்டும். அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம், மீட்டரின் சுருள் கருகும். இரண்டும் நடந்தால் மீட்டரும் வயரும் நல்லது, சென்டர் கெட்டது. கழற்றியும் எச்சிலேயே நின்றால் வயர் எங்கோ பாடியில் உரசி எர்த் ஆகிறது. தொட்டும் அசையாவிட்டால் வயர் அறுந்திருக்கிறது, அல்லது மீட்டர் போய்விட்டது.

இந்தச் சோதனை பழைய முறை மீட்டர்களுக்கு மட்டும். இசியுவிலிருந்து கேன் வழியாகத் தகவல் வாங்கும் புது மீட்டர்களில் எர்த் தொட்டுப் பார்க்கும் வேலையே கூடாது. அங்கே ஸ்கேனர் வழியாக முள்ளை அசைத்துப் பார்க்கும் வசதி பெரிய ஸ்கேனர்களில் இருக்கும். முள் அதற்கு அசையாவிட்டால் மீட்டர் போர்டில்தான் வேலை.

ஹெட்லைட் போட்டால் ஹீட் முள் ஏறுகிறது. இது என்ன விசித்திரம்?

எர்த் கோளாறு. இன்ஜினுக்கும் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே போகும் பட்டை வயர் துருப்பிடித்தாலோ தளர்ந்தாலோ, லைட்டின் கரன்ட் திரும்பிப் போக வழி தேடும். அந்தக் குழப்பத்தில் மீட்டரின் வோல்ட்டும் ஆடும். ஹெட்லைட், வைப்பர், ஃபேன் எல்லாவற்றையும் போட்டு, இன்ஜின் ஓடும்போது பேட்டரி மைனஸ் முனைக்கும் இன்ஜின் இரும்புக்கும் நடுவே வோல்ட் அளங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் எர்த் வயரின் இரண்டு முனைகளையும் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்குங்கள். பல வண்டிகளில் ஒரு ரூபாய் செலவில்லாமல் இதோடு பிரச்சினை முடிந்துவிடும்.

ஒற்றை வயர் சென்டரின் மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றிவிட்டாலும் இதே தொல்லைதான். உடம்பு வழியாக எர்த் எடுக்கும் சென்டருக்கு டேப் தடையாகிவிடும்.

பழைய வண்டியில் பெட்ரோல் முள், ஹீட் முள் இரண்டும் சேர்ந்து ஏறி நிற்கின்றன.

இரண்டும் ஒரே நேரத்தில் தப்பாகும்போது, இரண்டுக்கும் பொதுவான இடத்தைப் பாருங்கள். பழைய மீட்டர்கள் பலவற்றில் பின்பக்கம் சின்னத் தகர டப்பி போல ஒரு வோல்ட்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும். பேட்டரி வோல்ட் ஏறி இறங்கினாலும் மீட்டர்களுக்குச் சராசரியாக 10 வோல்ட் கிடைக்கும்படி அது விட்டுவிட்டுக் கரன்ட்டைத் தரும். அதன் எர்த் போய்விட்டால் முழு பேட்டரி வோல்ட் மீட்டர்களுக்குப் போய் இரண்டு முள்ளும் கூடுதலாகக் காட்டும்.

முள் நடுவிலேயே ஆணி அடித்தது போல நிற்கிறது. ஸ்கேனரில் 82 ஆனாலும் 100 ஆனாலும் அசையவே இல்லை. மீட்டர் பழுதா?

பழுதில்லை. வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். முள் லேசாக ஆடினாலே பயந்து சர்வீஸ் சென்டருக்கு வருகிறவர்கள் அதிகம் என்பதால், பல கம்பெனிகள் ஏறக்குறைய 75 முதல் 105 டிகிரி வரை முள் நடுவிலேயே நிற்கும்படி மீட்டரை அமைக்கின்றன. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நடுவை விட்டு முள் நகரும்போது ஏற்கெனவே நேரம் கடந்திருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் முள் கொஞ்சம் ஏறினாலும் அதை ‘கொஞ்சம்’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

முள்ளே இல்லாமல் நீல விளக்கு, சிவப்பு விளக்கு மட்டும் வைத்த வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம். நீலம் என்றால் இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது, சிவப்பு என்றால் அதிக சூடு, நடுவில் என்ன நடக்கிறது என்று தெரியாது. வழக்கத்தைவிட அதிக நேரம் நீல விளக்கு எரிந்தால் தெர்மோஸ்டாட்டையும் சென்சாரையும் பாருங்கள். நீண்ட பயணங்களில் ஓபிடி ஸ்கேனரை மாட்டி போனில் சூட்டைப் பார்த்துக்கொண்டே போவது இவர்களுக்கு நல்லது.

‘நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வால்வே வேண்டாம், கழற்றிடலாம்’ என்கிறார் மெக்கானிக் அண்ணன்.

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் இதைக் கேட்காதீர்கள். வெளியே 40 டிகிரி அடித்தாலும் இன்ஜினுக்கு வேண்டியது 90 டிகிரிக்குப் பக்கத்தில். வால்வு இல்லாவிட்டால் தண்ணீர் முதல் நிமிடத்திலிருந்தே ரேடியேட்டருக்குப் போகும். நெடுஞ்சாலையில் 60, 70 டிகிரியிலேயே இன்ஜின் நிற்கும். இசியு இன்னும் வண்டி சூடாகவில்லை என்று நினைத்து பெட்ரோலைக் கூட்டும், ஆயிலில் ஈரம் ஆவியாகாமல் தங்கும், தேய்மானம் கூடும். அதோடு, சில இன்ஜின்களில் வால்வைக் கழற்றினால் பைபாஸ் வழி மூடாமல் போய், பாதித் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிவரும். அந்த வண்டி மலை ஏறும்போது முன்பைவிட அதிகமாகச் சூடாகும்.

வால்வு நல்லதா என்று தெரிய, கழற்றி வெந்நீரில் போடுங்கள். அதன் மேலேயே 82 அல்லது 88 என்று பொறித்திருக்கும். அந்தச் சூட்டுக்கு அருகில் திறக்கத் தொடங்கி, இன்னும் பத்துப் பதினைந்து டிகிரியில் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். திறக்காவிட்டால் புதிதாக வாங்கிப் போடுங்கள். ஃபேனைச் சென்சார் இல்லாமல் டைரக்ட் செய்து, கையால் போடும் ஸ்விட்ச் வைத்துத் தரும் யோசனைக்கும் இதே பதில்தான். எந்தச் சென்சார், எந்த ரிலே தப்பு என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய அரை மணி நேரம் போதும். ஸ்விட்ச் போட மறந்த ஒரு நாள் போதும் ஹெட் வளைய.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் துப்பாக்கி வாங்கலாமா?

பயனுள்ளது, ஆனால் பளபளப்பான அலுமினியத்தில் பிடித்தால் மிகவும் குறைவாகக் காட்டும். தெர்மோஸ்டாட் இருக்கும் ஹவுசிங்கின் (கூட்டின்) மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் பிடியுங்கள். ஸ்கேனரைவிட ஐந்து பத்து டிகிரி குறைவாக இருப்பது இயல்பு. ஸ்கேனர் 110, துப்பாக்கி 75 என்று வந்தால் சென்சார் பக்கம் சந்தேகம் வலுக்கிறது. ஸ்கேனர் 60, ஹவுசிங் 88 என்றாலும் அப்படியே.

புது சென்சார் போட்டும் அதே கதை. இப்போது என்ன?

முதலில், சரியான சென்சார்தானா? வெளியே ஒரே மாதிரி மரை, ஒரே மாதிரி கப்ளர் இருந்தும் உள்ளே தடை அளவு வேறான சென்சார்கள் கடைகளில் உண்டு. பார்ட் நம்பரைப் பொருத்திப் பாருங்கள். இரண்டு சென்சார் உள்ள வண்டியில் பக்கத்தில் இருந்ததை மாற்றிவிட்டார்களா என்றும் பாருங்கள்.

அடுத்தது காற்று. சென்சார் மாற்றும்போது கூலன்ட் வழிந்திருக்கும், அந்த இடத்தில் காற்று அடைத்திருந்தால் சென்சார் முனை காற்றில் நின்று தாறுமாறாகக் காட்டும். இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, கூலன்ட் நிரப்பி, ஏர் போல்ட் இருந்தால் அதைத் தளர்த்தி, ஹீட்டரை முழு சூட்டில் வைத்து ஐட்லிங்கில் ஓடவிட்டால் குமிழிகள் வெளியேறும். குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அது வேறு விஷயம். ஹெட் கேஸ்கெட் வழியாகச் சிலிண்டர் புகை கூலன்ட்டுக்குள் வருகிறது என்ற சந்தேகம் எழும். ஆயில் மூடியில் பால் காபி நிறத்தில் படிந்திருக்கிறதா, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா என்று பார்த்து அந்தப் பக்கம் போக வேண்டும்.

நானே மாற்றலாமா?

ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் மாற்றலாம். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள். புது சென்சாரையும் அதன் செம்பு வாஷரையோ ஓ-ரிங்கையோ கையில் தயாராக வைத்துக்கொண்டு, பழையதைக் கழற்றியதும் உடனே புதியதை மாட்டினால் அரை டம்ளர் கூலன்ட்தான் வழியும். கையால் மரை பிடித்த பிறகே ஸ்பேனர். சென்சார் பித்தளை, ஹெட் பெரும்பாலும் அலுமினியம். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும், அது பெரிய செலவு. சில புது வண்டிகளில் மரையே இல்லை, ஒரு கிளிப்தான் பிடித்திருக்கும். கிளிப்பை இழுத்துவிட்டு சென்சாரை உருவலாம்.

வழிந்த கூலன்ட்டைக் கழுவிவிடுங்கள். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் இனிக்கும், நாயும் பூனையும் நக்கும், கொஞ்சம் போனாலும் அவற்றுக்கு விஷம்.

பைக்கிலும் இதே முறைதானா?

யமஹா ஆர்15, கேடிஎம் டியூக் போன்ற லிக்விட் கூல் பைக்குகளில் சென்சாரின் குணம் இதேதான். வெந்நீர் சோதனை, கப்ளர் கழற்றும் சோதனை இரண்டும் செல்லும். ஸ்கேனர் சாக்கெட் வேறு வடிவம், மாற்று கேபிள் வேண்டும். டிராஃபிக்கில் நின்றால் டிஸ்ப்ளேவில் கட்டைகள் ஏறி ஃபேன் சுற்றுவதும், நகர்ந்ததும் இறங்குவதும் இயல்பானது. ஓடிக்கொண்டிருக்கும்போதும் இறங்கவில்லை என்றால்தான் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் முன் சக்கரத்துக்குப் பின்னாலேயே இருப்பதால், சென்சாரைச் சந்தேகிக்கும் முன் அதன் துடுப்புகளில் அடைத்த சேற்றைக் கழுவிப் பாருங்கள். குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டால் போதும், பிரஷர் தண்ணீர் அந்த மெல்லிய துடுப்புகளை மடக்கிவிடும்.